கொடுமணலுக்கு வி.ஆர். கண்ணாடி, அறச்சலூருக்கு டார்ச் லைட்

பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தொல்லியல் இடங்களுக்குக் கூட்டிப்போக எந்தத் தொழில்நுட்பம் நல்லது என்று கேட்டால், நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான். அங்கே கண்ணுக்கு என்ன மிச்சம் இருக்கிறது?

கொடுமணலை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில், சங்க நூலான பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று சொல்லும் ஊர். 1985 முதல் பலமுறை அகழாய்வு நடந்து, இரும்பு உலைகள், தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், சூதுபவளம் என்னும் செந்நிறக் கல்லில் செய்த மணிகள் எல்லாம் கிடைத்தன. ஆனால் தோண்டிய குழிகளை மூடிவிட்டால் மறுபடியும் வெறும் காடுதான். "இங்க ஒண்ணுமே இல்லீங்களே சார்" என்று ஒரு எட்டாம் வகுப்புப் பையன் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

இங்கே வி.ஆர். கண்ணாடிக்கு, அதாவது மாட்டிக்கொண்டால் இல்லாத காட்சியைச் சுற்றிலும் காட்டும் கருவிக்கு, நிகர் வேறில்லை. பாதி செய்த மணிகளும் கிடைத்த இடம் இது. கல்லை உடைத்து, தேய்த்து, துளையிட்டு மணியாக்குவதைப் படிப்படியாகக் காட்டலாம். ஒரு சிக்கல்: நாற்பது பிள்ளைகளுக்கு மூன்று கண்ணாடி என்றால் மற்றவர்கள் வெயிலில் காத்து நிற்க வேண்டும். அதனால் முந்தின நாளே வகுப்பில் காட்டிவிட்டு, மறுநாள் அந்த மண்ணுக்குக் கூட்டிப்போவதே சரி.

க்யூஆர் பலகை மலிவு. ஆனால் இணைய இணைப்பு செத்துப்போனால் மிஞ்சுவது கறுப்புக் கட்டங்கள்தான். கோவை பேரூர் கோயிலின் கனகசபை மண்டபச் சிற்பத் தூண்களுக்கு முன்னால் எதுவுமே வேண்டாம், போனைப் பைக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

அறச்சலூர் வேறு கதை. ஈரோடு பக்கம் இருக்கும் இந்த ஊரின் நாகமலைக் குகைத்தளத்தில், தாளச் சொற்களைப் பொறித்த இசைக் கல்வெட்டின் எழுத்துகள் தேய்ந்தவை. படிக்க வேண்டும் என்று சாக்பீஸ் பூசுபவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பல கோணத்தில் படமெடுத்துச் செய்யும் முப்பரிமாண மாதிரி நல்ல மாற்று. திரையில் வெளிச்சத்தை எந்தப் பக்கமும் நகர்த்தலாம், கல்லுக்குச் சேதமில்லை. அதைவிட எளிய வழி, குகை நிழலில் போன் டார்ச்சைப் பாறையை ஒட்டிப் பக்கவாட்டில் பிடிப்பது. கீறல்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும்.

அப்புறம், அந்தக் கல்வெட்டு வரிகளைச் சொல்லிப் பதிந்த ஒலிப்பதிவு. 'த தை தா தை த' என்று தொடங்கும் ஐந்து வரி, வரிக்கு ஐந்து எழுத்து. எழுதியவர் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று கல்லிலேயே இருக்கிறது. ஒலியைக் கேட்டுக் கைதட்டிக்கொண்டே தாளில் எழுதிப் பார்த்த ஒரு பெண் திடீரென்று கத்தினாள்: "சார், மேல இருந்து கீழ படிச்சாலும் இதேதானுங்க வருது!"