மஞ்சளா, தக்காளியா, கேரட்டா?

மார்பகப் புற்றுநோய்க்கு தமாக்சிஃபென் மாத்திரை எடுத்துவரும் அத்தை போன மாதம் கேட்டார்: "குர்குமின் கேப்ஸ்யூல் வாங்கட்டுமா, லைகோபீன் வாங்கட்டுமா? நீயே பார்த்துச் சொல்லுப்பா." அத்தையிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

மஞ்சளின் நிறமி குர்குமின். ஆய்வகத் தட்டில் வளரும் புற்றுநோய்ச் செல்களின் மேல் அதை விட்டால் அவை பெருகுவது குறைகிறது. பல செல்கள் தாமாகவே மடிகின்றன. இதில் பொய் இல்லை. சிக்கல், அதை உடம்புக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்ததும் சிவக்கிறதே, சுண்ணாம்பின் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) பட்டுக் குர்குமின் மாறுவதுதான் அது. சுண்ணாம்பு அளவுக்குக் காரத்தன்மைகூட வேண்டாம். உடல் சூட்டில் pH 7.2 உள்ள, அதாவது காரத்தன்மை மிகக் குறைவான, வெறும் உப்புக் கரைசலில் விட்டாலே அரை மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துவிடும். தண்ணீரில் அது கரைவதும் அரிது. குடல் உறிஞ்சுவது சொற்பம். அந்தச் சொற்பத்தையும் குடலும் கல்லீரலும் சீக்கிரமே வேறு பொருளாக மாற்றிவிடும்.

மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்தால் ரத்தத்தில் குர்குமின் பல மடங்கு கூடும் என்று 1998-இல் பெங்களூரு ஆய்வு ஒன்று காட்டியது. கேப்ஸ்யூல் டப்பாக்களில் கொட்டை எழுத்தில் வருவது இதுதான். ஆனால் பைப்பரின் மற்ற மருந்துகளின் போக்கையும் மாற்றும். தமாக்சிஃபென் எடுக்கும் பெண்களிடம் 2019-இல் நெதர்லாந்தில் பார்த்தபோது, குர்குமினும் பைப்பரினும் சேர்ந்து, அந்த மருந்து உடலில் எடுக்கும் செயல்வடிவத்தின் அளவைக் குறைத்திருந்தன. அத்தைக்கு இந்த ஒரு காரணமே போதும்.

தக்காளித் தொக்கு சுண்டும்போது ஓரத்தில் பிரிந்து நிற்கும் எண்ணெயைப் பாருங்கள். அந்தச் சிவப்புதான் லைகோபீன். கொழுப்பில் கரைகிற பொருள் என்பதால், பச்சையாகக் கடிப்பதைவிட வதக்கிச் சாப்பிட்டால் உடம்பில் நன்றாகச் சேரும். தக்காளி சாஸ் அதிகம் சாப்பிட்ட ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் குறைவாக இருந்ததை 1995-இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. ஆனால் அவர்கள் சாப்பிட்டது உணவு, மாத்திரை அல்ல. லைகோபீனைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தால் புற்றுநோய் குறையும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று 2007-இல் அமெரிக்க உணவு, மருந்துத் துறை எழுதிவிட்டது.

கேரட்டின் பீட்டா கரோட்டின் கதை வேறு. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த சோதனையில், தினம் 20 மில்லிகிராம் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. முடிவு வெளியானது 1994-இல். பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ கொடுத்த அமெரிக்கச் சோதனையை 1996-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். அங்கும் புற்றுநோய் கூடியிருந்தது. தடுக்கும் என்று நம்பிக் கொடுத்த மாத்திரை அது. படிக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

ஆக, சாப்பாட்டில் மூன்றும் இருக்கட்டும்; அதில் என் ஓட்டு தக்காளித் தொக்குக்கு. கேப்ஸ்யூலாக மூன்றுமே வேண்டாம். ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால், அடுத்த முறை போகும்போது டப்பாவோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். "வெறும் மஞ்சள்தானே" என்று மறைக்க வேண்டாம்.