மன்றத்துக்கு மானியமா, ஆளுக்கொரு அட்டையா?

வட்டாரக் கலைக்கும் உள்ளூர் விளையாட்டுக்கும் அரசு பணம் தர இரண்டு வழிகள் உண்டு. மன்றங்களுக்கு மானியம் ஒன்று; மக்கள் தாங்களே தேர்ந்து செலவழிக்க அரசு பணம் போட்டுத் தரும் அட்டை இன்னொன்று.

அட்டை பார்க்க நியாயமாகத்தான் தெரியும். பிரான்ஸ் 2021-இல் 18 வயதானவர்களுக்குக் கலை, பண்பாட்டுச் செலவுக்காக இப்படி 300 யூரோ தந்தது. பெரும்பங்கு புத்தகங்களுக்குப் போனது, அதிலும் மாங்கா எனும் ஜப்பானியப் படக்கதைகள் ஏகப்பட்டவை. தப்பில்லை, ஆனால் சிற்றூர் நாடகக் குழுக்கள் அதை நம்பிப் பிழைக்க முடியாது. 2025-இல் தொகையும் 150 ஆகச் சுருங்கியது. ஐஸ்லாந்தின் ரேக்யவிக் நகரம் 2007 முதல் பிள்ளைகளின் விளையாட்டு, இசை வகுப்புக் கட்டணத்துக்கு இப்படி உதவுகிறது. அங்கே செலவழிக்க மன்றங்கள் இருக்கின்றன, அதுதான் வித்தியாசம்.

மானியத்தில் தொல்லை வேறு. விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்களுக்கே பெரும்பாலும் கிடைக்கும்.

சரி, இரவுப் பணி முடித்து வரும் பேருந்து ஓட்டுநருக்கு? மைதானம் மாலையில் மட்டும் திறந்தால் அட்டை இருந்து என்ன பயன்? காலையிலும் பயிற்சி வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மானியம் தரலாம். பிள்ளைகளுக்கு அட்டை போதும். ஷிப்ட் தொழிலாளிக்கு என் ஓட்டு மானியத்துக்கே.