ஸ்பெயினா, அர்ஜென்டினாவா, மெக்சிகோவா? ஊருக்குப் போய்வரும் நாளை வைத்து ஒரு கணக்கு

ஸ்பானிஷ் பேசும் நாட்டில் குடியேற நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எங்கே சீக்கிரம் குடியுரிமை கிடைக்கும்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது வேறு. ஊரில் அப்பா அம்மா இருக்கிறார்களா? வருடத்துக்கு எத்தனை நாள் அவர்களோடு இருக்க வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும். நான் வலென்சியாவில் இருப்பவன். ஸ்பெயின் பக்கம் எனக்குக் கொஞ்சம் சாய்வு உண்டு, அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வேகம் மட்டும் பார்த்தால் அர்ஜென்டினாவை அடிக்க ஆளில்லை. இரண்டு ஆண்டு தொடர்ந்து வாழ்ந்த வெளிநாட்டவர் குடியுரிமை பெறலாம் என்று 1853-ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே எழுதிவைத்த நாடு அது. குடியேறுவது மனித உரிமை என்று 2004-இல் சட்டமும் போட்டார்கள். ஆனால் 2025 மே மாதம் வந்த அவசர ஆணை கதையை மாற்றியது. அந்த இரண்டு ஆண்டும் சட்டப்படியான குடியிருப்பாக இருக்க வேண்டும், நாட்டைவிட்டு ஒருமுறைகூட வெளியே போயிருக்கக் கூடாது என்கிறது அது. நீதிமன்றம் பார்த்துவந்த விண்ணப்பங்களும் குடிவரவுத் துறையின் கைக்குப் போயின.

'ஒருமுறைகூட' என்ற சொல்லை நிதானமாகப் படியுங்கள். பியூனஸ் அயர்ஸில் பதினெட்டு மாதம் கழிந்திருக்கிறது, ஊரில் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று போன் வருகிறது. விமானம் ஏறினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. இளவயது, தனி ஆள், வீட்டில் பார்த்துக்கொள்ள அண்ணன் தம்பி இருக்கிறார்கள் என்றால் சரி. மற்றவர்களுக்கு இந்த இரண்டு ஆண்டு, ஸ்பெயினின் பத்து ஆண்டைவிடக் கனமானது என்பேன்.

பண விஷயமும் இருக்கிறது. 2023-இல் மட்டும் அர்ஜென்டினாவில் விலைவாசி 211 விழுக்காடு ஏறியது. பெசோவில் சம்பளம் வாங்கியவர்கள் பட்ட பாடு சாதாரணமானதல்ல. வருமானம் டாலரில் வந்தால் மட்டுமே அங்கே போக யோசிக்கலாம்.

இனி ஸ்பெயின். பொதுவாகக் குடியுரிமைக்குப் பத்து ஆண்டு. லத்தீன் அமெரிக்கர்களுக்கும் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கும் இரண்டே ஆண்டு. இது பழைய காலனி உறவின் மிச்சம். என் பக்கத்து வீட்டு மணிலாக்காரர் எனக்குப் பிறகு வந்தவர், எனக்கு முன்பே விண்ணப்பித்துவிட்டார். வருத்தமாகத்தான் இருந்தது.

இதைக் கேட்டதும் சிலர் குறுக்குவழி சொல்வார்கள்: அர்ஜென்டினாவில் இரண்டு ஆண்டு, அப்புறம் ஸ்பெயினில் இரண்டு ஆண்டு, மொத்தம் நான்கு. தயவுசெய்து நம்பாதீர்கள். அந்தச் சலுகை பிறப்பால் அந்த நாட்டவராக இருப்பவர்களுக்கு மட்டுமே. விண்ணப்பித்து அர்ஜென்டினியர் ஆனவருக்கு அது செல்லாது. அங்கே பிறக்கும் உங்கள் குழந்தைக்குச் செல்லும்.

பத்து ஆண்டு என்று மிரள வேண்டாம். ஐந்தாம் ஆண்டிலேயே நீண்டகாலக் குடியிருப்பு கிடைக்கிறது, அன்றாட வாழ்க்கைக்கு அது போதும். அதற்குள் மொத்தம் பத்து மாதம்வரை நாட்டுக்கு வெளியே இருக்கலாம், ஒரே மூச்சில் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. வருடத்துக்கு இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு ஒரு மாதம், கல்யாணம் காட்சி என்று இன்னொரு மாதம். என் குடும்பத்துக்கு இது ஒத்துவந்தது.

நுழைய இரண்டு வழிகளைச் சொல்கிறேன். சேமிப்பிலோ வாடகை வருமானத்திலோ வாழ்பவருக்கான விசாவுக்கு மாதம் 2,400 யூரோ காட்ட வேண்டும், கூட வரும் ஒவ்வொருவருக்கும் 600 யூரோ கூடுதல். அதில் வேலை பார்க்கக் கூடாது. வெளிநாட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்கு 2023 முதல் தனி விசா இருக்கிறது. அதற்கு ஸ்பெயினின் குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு வருமானம் வேண்டும். வீடு வாங்கினால் விசா என்ற திட்டத்தை 2025 ஏப்ரலில் மூடிவிட்டார்கள். இன்னும் அதைச் சொல்லிப் பணம் கேட்கும் ஏஜென்ட் இருந்தால் விலகிவிடுங்கள்.

தலைவலி வீட்டில்தான். வாடகை ஏறிக்கொண்டே போகிறது. 'பத்ரோன்' எனப்படும் நகராட்சிப் பதிவு இல்லாமல் பள்ளிச் சேர்க்கையில் தொடங்கி எல்லாமே இழுக்கும். என் முதல் வீட்டுக்காரர் அந்த முகவரியில் பதிய விடமாட்டேன் என்றதால் நான்கு மாதம் வீணானது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே அதைக் கேட்டுவிடுங்கள். இன்னொன்று, இங்கே பிள்ளைகள் பள்ளியில் வலென்சிய மொழியும் படிக்கிறார்கள், பார்சிலோனாவில் கத்தலான். சுமை என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். தன் மொழியை விட்டுக்கொடுக்காத ஊர் என்பதால் எனக்கு அது பிடித்திருக்கிறது.

மெக்சிகோ இரண்டுக்கும் நடுவில். தற்காலிகக் குடியிருப்பு நான்கு ஆண்டு, பிறகு நிரந்தரம், ஐந்தாண்டு முடிந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பம். விண்ணப்பிக்கும் முந்தைய இரண்டு ஆண்டில் ஆறு மாதம்வரை வெளியே இருக்கலாம் என்பதால் ஊர்ப் பயணத்துக்கு இடம் இருக்கிறது. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் தனி விசா இல்லாமலே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் ஒரு கொக்கி: விண்ணப்பித்து மெக்சிகர் ஆனவர் தொடர்ந்து ஐந்து ஆண்டு வெளிநாட்டில் வாழ்ந்தால் அந்தக் குடியுரிமையை இழப்பார். கடைசிக் காலத்தில் ஊர் திரும்ப நினைப்பவருக்கு இது ஒத்துவராது.

மூன்றில் எதை எடுத்தாலும், வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும். பிறகு வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டைதான், அதை வைத்து ஊரில் விவசாய நிலம் வாங்க முடியாது. நஞ்சை வாங்கும் ஆசை இருந்தால் குடியுரிமைக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். இலங்கையர்களுக்கு இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வழி இருப்பதால் அவர்கள் கணக்கு வேறு.

மொழிக்குப் பயப்படாதீர்கள். ஆங்கிலக்காரர்கள் திணறும் இரண்டு 'ர' ஒலிகளும் நமக்கு ர, ற என்று எழுத்திலேயே இருக்கின்றன. அவர்களின் 'ன்யே' நம் ஞ-வுக்குப் பக்கத்து வீடு. 'வந்தேன்' என்று ஒரே சொல்லில் நாம் முடிப்பதைப் போல அவர்களும் முடிப்பார்கள்.

அப்புறம், காலாவதியான பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எத்தனை நாள் வெளியே இருந்தீர்கள் என்று கேள்வி வந்தால், அதிலுள்ள முத்திரைகள்தான் உங்களுக்குச் சாட்சி.