மெயில் சர்வரைப் பராமரிக்க வெளியாளை வைத்திருக்கிறீர்களா? இதைப் படியுங்கள்

சொந்தமாக மெயில் சர்வர் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துக்கொள்ள உள்ளே ஆள் இல்லாமல் வெளி நிறுவனத்திடம் விட்டிருக்கும் அலுவலகங்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களிடம் பராமரிக்க வந்தவர்கள் சர்வரைத் தாங்களே ஊருக்கெல்லாம் திறந்துவிட்டார்கள். அதனால் வந்த நாசத்துக்கு எங்கள் ஊழியர் ஒருவர் மேல் பழி போட்டார்கள். அதைச் சரிசெய்கிறோம் என்று எங்களிடமே தனியாகப் பணமும் வாங்கினார்கள். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. ஆனால் எப்படிச் செய்தார்கள் என்பதை முழுதாகச் சொல்கிறேன். இதே வேலை வேறு இடங்களிலும் நடந்துகொண்டிருக்கும் என்று நிச்சயமாக நம்புகிறேன்.

எங்களுடையது லினக்ஸில் ஓடும் போஸ்ட்ஃபிக்ஸ் (மெயிலை அனுப்பி வாங்கும் மென்பொருள்), கூடவே டவ்காட் (வந்த மெயிலைப் படிக்கத் தருவது). நிறுவியவர் எங்கள் ஊழியர்தான். நன்றாக அமைத்திருந்தார், தொந்தரவே கிடையாது. அவர் வேறு வேலைக்குப் போனபோது நிர்வாகம் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டது. நான் நிர்வாகப் பிரிவு. கம்ப்யூட்டர் சம்பந்தமான பில், சர்வீஸ் சீட்டு எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். போகிறவர் சர்வரின் செட்டிங் எல்லாம் இருக்கும் கான்ஃபிக் ஃபைல்களை அப்படியே காப்பி எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அது கையில் இல்லாமல் இருந்திருந்தால் இதில் எதையுமே என்னால் நிரூபித்திருக்க முடியாது.

எல்லாம் ஒரு பிரின்டரில் ஆரம்பித்தது. கிளை அலுவலகத்து பிரின்டரில் ஸ்கேன் செய்த தாள்களை அங்கிருந்தே மெயிலில் அனுப்ப வேண்டும். அனுப்பினால் 554 என்ற எண்ணோடு ‘ரிலே அக்சஸ் டினைட்’ என்று மறுத்தது. சர்வரில் கோளாறு இல்லை, அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றுதான் இதற்கு அர்த்தம். முன்பின் தெரியாத ஐ.பி.யிலிருந்து (இணையத்தில் ஒரு கருவியின் முகவரி எண்), லாகின் செய்யாமல், வெளி முகவரிக்கு மெயில் அனுப்பச் சொன்னால் மறுக்கத்தான் வேண்டும். முறையாகச் செய்வதென்றால் பிரின்டருக்குத் தனி அக்கவுன்ட் போட்டு, 587 போர்ட் (லாகின் செய்து மெயில் அனுப்புவதற்கான வாசல்) வழியாக பாஸ்வேர்டோடு அனுப்ப வைக்கலாம். பழைய பிரின்டர், அதற்கு இதெல்லாம் முடியாது என்றால் கிளைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் நடுவே வி.பி.என். (இணையத்தின் வழியே பாதுகாப்பான தனி இணைப்பு) போட்டு, அந்த ஒரு பிரின்டரின் ஐ.பி.க்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம்.

வந்த டெக்னீஷியன் கொஞ்ச நேரத்திலேயே, “முடிஞ்சுது மேடம், டெஸ்ட் பண்ணிப் பாருங்க” என்றார். ஸ்கேன் போனது. சர்வீஸ் சீட்டில் ‘எஸ்.எம்.டி.பி. செட்டிங் சரிசெய்யப்பட்டது’, அதாவது மெயில் அனுப்பும் செட்டிங், என்று ஒரே ஒரு வரி. எந்த ஃபைலில், என்ன செட்டிங், முன்பு என்ன இருந்தது என்பது பற்றி ஒரு எழுத்து இல்லை.

கொஞ்ச நாளில் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மெயில்கள் திரும்பி வர ஆரம்பித்தன. விலைப்புள்ளி போகவில்லை, பில் போகவில்லை. திரும்பி வந்ததில் 550 என்ற எண்ணும், ஸ்பாம் அனுப்பும் ஐ.பி.க்களைப் பட்டியல் போடும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் தடைப்பட்டியலில் எங்கள் ஐ.பி. இருப்பதாக ஒரு இணைப்பும் இருந்தன. சர்வரில் அனுப்பக் காத்திருக்கும் மெயில் வரிசையை, அதாவது க்யூவைப் பார்த்தால் எங்கள் அலுவலகத்தில் யாருமே எழுதாத மெயில்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. அனுப்புநர் இடத்தில் எங்கள் கணக்குப் பிரிவுப் பெண் ஒருவரின் முகவரி.

ஒப்பந்தக்காரர்கள் உடனே தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். “அக்கவுன்ட்ஸ் மேடம் ஏதோ ஃபிஷிங் லிங்க்கைக் க்ளிக் பண்ணி பாஸ்வேர்டைக் குடுத்துட்டாங்க. அவங்க ஐ.டி.ல இருந்துதான் எல்லாம் போயிருக்கு.” இதையே லெட்டர்ஹெட்டில் அறிக்கையாகவும் கொடுத்தார்கள். அதை வைத்து அந்தப் பெண்ணுக்கு மெமோ போனது. “அக்கா, சத்தியமா நான் எதையும் க்ளிக் பண்ணலை” என்று என்னிடம் வந்து நின்றார். பல வருஷமாக அவரைப் பார்க்கிறேன். சந்தேகமான மெயில் வந்தால் திறக்காமல் முதலில் என்னைக் கூப்பிடுகிறவர்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உங்கள் அலுவலகத்திலும் இதே பழி யார் மேலாவது விழலாம்.

மெயிலில் அனுப்புநர் முகவரி என்பது யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதக்கூடிய ஒன்று. அவர் முகவரி அதில் இருப்பதால் அவர் அக்கவுன்ட்டிலிருந்து போனது என்று ஆகிவிடாது. உண்மையில் யார் அனுப்பியது என்பது சர்வரின் மெயில் லாகில், அதாவது போய் வரும் மெயில்களைப் பற்றி சர்வரே எழுதிவைக்கும் பதிவேட்டில் இருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு மெயிலை வாங்கும்போது ‘கிளையன்ட்’ என்று போட்டு, அது வந்த இடத்தின் பெயரையும் ஐ.பி.யையும் ஒரு வரியாக எழுதும். அனுப்பியவர் பாஸ்வேர்ட் கொடுத்து லாகின் செய்திருந்தால் அதே வரியின் கடைசியில் ‘சாஸ்ல் யூசர்நேம்’ என்று அவருடைய ஐ.டி.யும் வரும். பாஸ்வேர்ட் திருடு போய் அதன் வழியாக ஸ்பாம் போயிருந்தால் ஒவ்வொரு வரியிலும் அந்த ஐ.டி. இருந்தே ஆகவேண்டும்.

லாகை எடுத்து வரிவரியாகப் பார்த்தேன். அந்தப் பெண் அன்றாடம் அனுப்பிய மெயில்களின் வரிகளில் அவர் ஐ.டி. இருக்கிறது. ஸ்பாம் வரிகளில் எங்கெங்கோ இருக்கும் ஐ.பி.க்கள் மட்டும்தான், ஐ.டி. என்பதே இல்லை. ஒரு வரியில்கூட இல்லை. அதாவது யாரும் லாகின் செய்யவே இல்லை. லாகின் கேட்காமலேயே எங்கள் சர்வர் எல்லோருக்கும் மெயில் அனுப்பிக் கொடுத்திருக்கிறது.

பழைய கான்ஃபிக் காப்பியையும் இப்போது இருப்பதையும் ஒப்பிட்டேன். மாறியிருந்தது ஒரே வரி. ‘மைநெட்வொர்க்ஸ்’ என்ற அந்த வரியில் வரும் ஐ.பி.க்களை சர்வர் தன் வீட்டு ஆட்களாக எடுத்துக்கொள்ளும், பாஸ்வேர்ட் கேட்காது. முன்பு அதில் சர்வர் தன்னையே குறிக்கும் 127.0.0.0/8 என்பதும் அலுவலக உள் நெட்வொர்க்கும் மட்டும் இருந்தன. இப்போது 0.0.0.0/0 என்று இருந்தது. உலகத்தில் உள்ள எல்லா ஐ.பி.வி.4 முகவரிகளும் அதில் அடக்கம். ஃபைல் கடைசியாக மாற்றப்பட்ட தேதியும் பிரின்டர் வேலைக்கான சர்வீஸ் சீட்டின் தேதியும் ஒன்று. இப்படித் திறந்து கிடக்கும் சர்வருக்கு ஓப்பன் ரிலே என்று பெயர். ஸ்பாம் அனுப்புகிறவர்கள் இதையே தேடி இணையம் முழுக்க, சர்வர்கள் மெயில் வாங்கும் 25ஆம் போர்ட்டைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள்.

இதில் இன்னொரு கேடும் உண்டு. அந்த மெயில்கள் எங்கள் ஐ.பி.யிலிருந்தே, எங்கள் டொமைன் (மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வருவது) பெயரிலேயே போனதால், அந்த டொமைனுக்கு அனுமதி உள்ள சர்வரிலிருந்து வந்ததா என்று பார்க்கும் எஸ்.பி.எஃப். சோதனையில் தேறிவிட்டன. வாங்கிய பக்கத்துக்கு அவை போலி என்று சொல்ல எந்த அடையாளமும் இல்லை. கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் மெயில் அனுப்புகிறவர்கள் மேல் கெடுபிடியை அதிகமாக்கியிருக்கின்றன. ஸ்பாம் என்று வரும் புகார் 0.3 சதவீதத்தைத் தொட்டாலே பிரச்சினை. ஐ.பி. பட்டியலிலிருந்து வெளியே வந்த பிறகும் எங்கள் டொமைனின் நற்பெயர் திரும்பவில்லை. ஜிமெயில் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு வெகு நாள் ஸ்பாம் ஃபோல்டரில்தான் போய் விழுந்துகொண்டிருந்தோம்.

இனி பணம் வாங்கிய கதை. ‘பிளாக்லிஸ்ட் நீக்கக் கட்டணம், சர்வதேச அமைப்புக்குச் செலுத்தியது’ என்று ஒரு பில் வந்தது. அவசரத்தில் நிர்வாகம் கட்டிவிட்டது. ஐ.பி. பட்டியலிலிருந்து நீங்கியது, மெயில் போனது. சில நாளில் மறுபடியும் பட்டியலில் ஏறியது. ஏறாமல் எப்படி இருக்கும்? அவர்கள் செய்ததெல்லாம் அந்தப் பெண்ணின் பாஸ்வேர்டை மாற்றியதுதான். அந்த ஒரு வரியைத் தொடவே இல்லை. மறுபடியும் அதே தலைப்பில் இன்னொரு பில்.

ஸ்பாம்ஹாஸ் பட்டியலிலிருந்து நீக்கக் கட்டணமே கிடையாது. அவர்கள் இணையதளத்தில் ஐ.பி.யைப் போட்டால் எந்தப் பட்டியலில், ஏன் இருக்கிறது என்று காட்டும். காரணத்தைச் சரிசெய்துவிட்டு அங்கேயே கேட்டால் போதும். பணம் கட்டினால் உடனே எடுக்கிறோம் என்று சொல்லும் பட்டியல்கள் வேறு சில உண்டு. அவற்றிலும் ஸ்பாம் நின்றுவிட்டால் சில நாளில் பெயர் தானாகவே போய்விடும். யாருக்குக் கட்டினீர்கள், ரசீது காட்டுங்கள் என்று எழுத்தில் கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

இதே குழப்பத்தில் புது சர்வர் ஒன்றையும் தலையில் கட்டப் பார்த்தார்கள். “க்யூ ரொம்பிடுச்சு மேடம், இன்னிக்கே மாத்தலைன்னா உள்ள வர மெயில் மொத்தமும் போயிடும்” என்று முதலாளியிடமே போய்ப் பயமுறுத்தினார்கள். அப்படி ஒன்றும் போகாது. உங்கள் சர்வர் கொஞ்ச நேரம் நின்றுபோனால் அனுப்பும் பக்கத்து சர்வர் மெயிலைத் தன் க்யூவில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். போஸ்ட்ஃபிக்ஸ் தானாகவே 5 நாள் வரை வைத்திருக்கும். நிரந்தர மறுப்பான 5-ல் தொடங்கும் எண்ணும், ‘பிறகு வா’ என்கிற 4-ல் தொடங்கும் எண்ணும் வேறுவேறு. யாராவது ‘இன்றே வாங்கு’ என்று நெருக்கினால் திரும்பி வந்த மெயிலில் எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள்.

பேக்கப் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘பேக்கப் வெற்றி’ என்று தினமும் மெயில் வந்துகொண்டிருந்தது. சந்தேகம் வந்து ஃபைல் அளவைப் பார்த்தால் சில கிலோபைட்தான். மெயில்கள் வேறு டிஸ்க்குக்கு மாற்றப்பட்ட பிறகும் அவர்கள் பழைய, காலியான ஃபோல்டரையே காப்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒப்பந்தத்தை முறிக்கிறோம் என்றதும் டொமைனைப் பிடித்துவைத்துக்கொண்டார்கள். புதுப்பிக்கும் நினைவூட்டல் தங்களுக்கு வரட்டும் என்று சொல்லி, டொமைன் அக்கவுன்ட்டின் மெயில் முகவரியை முன்பே தங்களுடையதாக மாற்றியிருந்தார்கள். டொமைனின் முகவரிப் பதிவேடான டி.என்.எஸ். கையில் இருந்தால் மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்.எக்ஸ். பதிவும் கையில். நல்லவேளையாக உரிமையாளர் பெயர் எங்கள் நிறுவனத்தின் பெயராகவே இருந்தது. பதிவு ஆவணங்களை, டொமைனைப் பதிவுசெய்து தரும் நிறுவனமான ரெஜிஸ்ட்ராருக்கு நேரடியாக அனுப்பி அக்கவுன்ட்டை மீட்டோம். உங்களுடையது டாட் காம் போன்ற பொது டொமைன் என்றால், உரிமையாளர் கேட்டு 5 நாளுக்குள் டொமைனை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றிக்கொள்ளத் தேவையான குறியீட்டை ரெஜிஸ்ட்ரார் கொடுத்தாக வேண்டும் என்பது, டொமைன் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகேன் அமைப்பின் விதி. உங்கள் டொமைன் யார் பெயரில், எந்த மெயில் முகவரியில் இருக்கிறது என்பதை முதல் வேலையாகப் பாருங்கள்.

புது ஒப்பந்தத்தில் இப்போது எழுதி வாங்கியிருப்பது இவை. கான்ஃபிக்கில் எதைத் தொட்டாலும் முன்பு இருந்த வரி, மாற்றிய வரி இரண்டும் சர்வீஸ் சீட்டில் வரவேண்டும். சர்வர் மேல் முழு அதிகாரம் தரும் ரூட் பாஸ்வேர்ட் எங்களிடம்தான். அவர்களுக்குத் தனித்தனி லாகின், யார் எப்போது நுழைந்தார் என்று தெரிகிற மாதிரி. ‘பேக்கப் வெற்றி’ என்ற மெயிலை ஆதாரமாக ஏற்க மாட்டோம், நாங்கள் சொல்லும் ஒரு மெயிலை மாதம் ஒரு முறை எங்கள் கண் முன்னே மீட்டுக் காட்ட வேண்டும். ஊழியர் மேல் குற்றம் சொன்னால் அதற்கான லாக் வரியை இணைக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைக்காக நிர்வாகத்தோடு நிறையவே மல்லுக்கட்டினேன். விட்டுக்கொடுக்கவில்லை.

உங்கள் சர்வர் திறந்து கிடக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். அலுவலகத்துக்கு வெளியே இருக்கும் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து டெல்நெட் (ஒரு போர்ட்டோடு நேரடியாகப் பேச உதவும் புரோகிராம்) வழியாக சர்வரின் 25ஆம் போர்ட்டுக்குப் போய், அனுப்புநர், பெறுநர் இரண்டுமே வெளி முகவரியாகக் கொடுங்கள். பெறுநரைச் சொன்னதும் 554 என்று மறுத்தால் நல்லது. 250 என்று ஒத்துக்கொண்டால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள். பல வீட்டு இணைப்புகளில் வெளியே போகும் 25ஆம் போர்ட்டை அடைத்து வைத்திருப்பார்கள். அப்போது ஓப்பன் ரிலே சோதனை செய்து தரும் இணையதளங்களைப் பயன்படுத்தலாம்.

கணக்குப் பிரிவுப் பெண்ணுக்குக் கொடுத்த மெமோவை நிர்வாகம் எழுத்திலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. கட்டிய பணம் இன்னும் வரவில்லை. இரண்டாவது பில்லைக் கட்டவில்லை, கட்டப்போவதும் இல்லை. உங்களுக்கும் ‘பிளாக்லிஸ்ட் நீக்கக் கட்டணம்’ என்று பில் வந்திருந்தால் கட்டும் முன் மெயில் லாகைக் காப்பி எடுத்து, ஒப்பந்தக்காரர் கைபடாத இடத்தில் வையுங்கள். பல லினக்ஸ் சர்வர்களில் நாலு வாரத்து லாக்தான் இருக்கும், அதற்கு முந்தையது தானாக அழிந்துவிடும். பேச்சுவார்த்தை, விளக்கம், அறிக்கை என்று அவர்கள் இழுக்கும் ஒவ்வொரு வாரமும் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் ஒரு வாரம் குறைகிறது.