காரைக்குடி பட்டறையில் அடித்து வாங்கிய சோதனை மேடை

காரைக்குடியில் கேட்டும் கிரில்லும் அடிக்கிற சின்ன வெல்டிங் பட்டறை அது. என் மாணவர்கள் செய்த, நின்ற இடத்திலிருந்தே மேலெழும்பும் விமான மாடலுக்கு அங்கேதான் சோதனை மேடை அடித்தோம். கூலியும் இரும்பும் சேர்த்து 6,500 ரூபாய்.

மாடலின் எடை இரண்டரை கிலோ, அடியில் 70 மில்லிமீட்டர் விசிறி நான்கு. முதலில் ஒரு மாணவியின் ஆச்சி வீட்டு முற்றத்தில், ஆத்தங்குடிக் கல் தரைக்கு மேலேயே சோதித்தோம். குறுக்கே போட்ட பைப்பிலிருந்து டிஜிட்டல் தராசில் மாடலைத் தொங்கவிட்டு விசிறியை ஓட்டினால், உயரத்தில் தராசு 400 கிராம் காட்டியது. வேகத்தை மாற்றாமல் தரைக்கு அரை அடி வரை இறக்கினோம்: 720. கீழே அடித்த காற்று தரையில் பட்டு நாலாபக்கமும் பரவும்போது இறக்கைக்கு அடியில் இருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. அங்கே அழுத்தம் குறைந்து மாடல் கீழே இழுபடுகிறது. நிஜ ஜெட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தரையில் பட்டுத் திரும்பும் சூடான புகையை இன்ஜினே உறிஞ்சிவிட்டால் அதன் வலு குறையும்.

அதனால்தான் இங்கிலாந்தின் டன்ஸ்ஃபோல்டில், கீழே அடிக்கும் காற்று இறங்கிப் போகக் குழி தோண்டி அதன் மேல் இடைவெளி விட்ட இரும்புத் தட்டி போட்டு, 1960 அக்டோபர் 21 அன்று, நின்ற இடத்திலிருந்தே எழும்பும் ஹாரியர் போர் விமானத்தின் முன்னோடியான பி.1127 விமானத்தைக் கட்டிவைத்து எழுப்பினார்கள். ஓட்டிய பில் பெட்ஃபோர்டுக்கு அப்போது காலில் மாவுக்கட்டு!

முற்றத்தில் குழி தோண்ட முடியுமா? மேலே இடைவெளி விட்டு இரும்புப் பட்டைகள் அடித்த மூன்றடி உயர மேடைதான் வழி. படத்தைப் பார்த்த பட்டறை அண்ணன் கேட்ட முதல் கேள்வியே, "காத்து எந்தப் பக்கம் வெளியே போகணும் சார்?" பாதிப் பட்டைகளை இடப்பக்கமும் பாதியை வலப்பக்கமும் சாய்த்து வெல்டிங் வைத்தார். கல்லில் கீறல் விழக்கூடாதென்று நாலு காலிலும் பழைய சைக்கிள் டயரை வெட்டிச் சுற்றி, ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். யாரும் சொல்லாமல் அவராகச் செய்தது.

குறையும் உண்டு. நாலு நாள் தாமதம். அதைவிடப் பெரிது, பட்டை ஓரங்களில் பிசிறு எடுக்காமல் விட்டது. மாடலைக் கட்டிய நைலான் கயிறு அதில் உரசி, மூன்று புரியில் ஒன்று அறுந்திருந்தது. கயிற்றைத் தடவிப் பார்த்த மாணவிதான் கண்டுபிடித்தாள். முழுக்க அறுந்திருந்தால் யார் முகத்தில் பட்டிருக்குமோ, நினைக்கவே பதறுகிறது. போன் போட்டதும் அன்று சாயங்காலமே கிரைண்டரோடு வந்து ஒவ்வொரு பட்டையாகத் தேய்த்தார். காசு வாங்கவில்லை.

அதன்பிறகு மேடைக்கு மேல் அதே அரை அடி உயரத்தில் தராசு 430 காட்டியது. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் ஆச்சி இரண்டாங்கட்டிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

இதுபோல் செய்யக் கொடுப்பவர்கள் பிசிறு எடுப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கயிறு கட்டும் வளையத்தையும் பட்டையில் வைக்காமல் காலோடு சேர்த்து வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். எங்கள் அடுத்த மேடைக்கும் அவரிடமே முன்பணம் கொடுத்தாயிற்று.