வக்கீல் "கேஸ் போட்டாச்சு" என்றால் நம்பரைக் கேளுங்கள்

பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கும் குடும்ப நல நீதிமன்றத்துக்கு வந்து விசாரித்த பிறகுதான், தங்கள் பெயரில் அங்கே கேஸே இல்லை என்று சிலருக்குத் தெரிகிறது. வியாசர்பாடியைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு அதுதான் நடந்தது. இரண்டு பிள்ளைகள், கணவர் பிரிந்து போய்விட்டார். விவாகரத்துக்கும் ஜீவனாம்சத்துக்கும் சேர்த்து வக்கீலுக்கு 45,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தார், ரசீது கிடையாது. வக்காலத்தோடு (வக்கீலை நியமிக்கும் பத்திரம்) நான்கு வெற்று பச்சை லெட்ஜர் பேப்பரிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அதன்பின் ஒரு வருஷத்துக்கு மேல் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான்: "வாய்தா தள்ளிப் போயிருக்கு, நீங்க வர வேணாம்மா."

உண்மையில் விவாகரத்து மனு எஸ்.ஆர். நம்பரோடு நின்றுவிட்டது. எஸ்.ஆர். என்பது பேப்பரை உள்ளே கொடுத்ததற்கான அடையாளம் மட்டுமே. ஆபீஸில் சரிபார்த்து, குறை இருந்தால் ரிட்டர்ன் போடுவார்கள், அதாவது திருப்பிக் கொடுப்பார்கள். கல்யாணத்துக்கான ஆதாரம் இல்லை, முகவரிச் சான்று இல்லை என்று சின்னச் சின்னக் காரணங்கள்தான் இருக்கும். அதைச் சரிசெய்து, கொடுத்த கெடுவுக்குள் திரும்பத் தாக்கல் செய்தால்தான் ஓ.பி. நம்பர், அதாவது வழக்கு எண், விழும். இங்கே ரிட்டர்னை யாருமே எடுக்கவில்லை. ஜீவனாம்ச மனு எழுதப்படவே இல்லை.

பணம் போனதைவிட இதுதான் பெரிய நஷ்டம். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிடப்படும். மனுவே இல்லையென்றால் அத்தனை மாதப் பணமும் போனதுதான். அதே தீர்ப்பின்படி இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், வாடகை ரசீது, ஸ்கூல் ஃபீஸ் ரசீது எதையும் உங்களிடம் கேட்காமல் "ஜீவனாம்சம் போட்டாச்சு" என்று வக்கீல் சொன்னால் சந்தேகப்படுங்கள்.

சரிபார்ப்பது சுலபம். ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சி.என்.ஆர். நம்பர் உண்டு. தமிழ்நாட்டு வழக்கென்றால் முதல் இரண்டு எழுத்து டி.என். இ-கோர்ட்ஸ் என்ற அரசு ஆப்பில் அதைப் போட்டால் பதிவான தேதி, அடுத்த வாய்தா, எந்த நிலை என்று எல்லாம் வரும். நம்பர் தர மறுத்தால் உங்கள் பெயரையும் வருஷத்தையும் போட்டுத் தேடலாம். "டிஸ்மிஸ்ட் ஃபார் டீஃபால்ட்" என்று இருந்தால் ஆஜராகாததால் தள்ளுபடி. மீட்க 30 நாள். "எக்ஸ்பார்ட்டி" என்றால் நீங்கள் இல்லாமலே வழக்கு போகிறது. அப்படித் தீர்ப்பே வந்துவிட்டால் ரத்து கேட்கத் தீர்ப்பு நாளிலிருந்து 30 நாள். சம்மன் முறையாகச் சேரவில்லையென்றால் தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். குடும்ப நல நீதிமன்றத்தில் கவுன்சிலிங்குக்குக் கட்சிக்காரரே வர வேண்டும். அதனால் "நீங்க வரவே வேணாம்" என்பது ஆறுதலான பேச்சே அல்ல.

"மூணு மாசத்துல டைவர்ஸ், பேக்கேஜ் ரேட்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். இந்து திருமணச் சட்டம் 13பி-யின்படி பரஸ்பர சம்மதத்துக்கு, மனு போடும் முன்பே ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். அதன்பின் இரண்டாவது மோஷனுக்கு, அதாவது இருவரும் மீண்டும் வந்து சம்மதத்தை உறுதிசெய்ய, ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் சமரசம் தோற்றிருக்க வேண்டும், பணமும் குழந்தை விஷயமும் பேசி முடிந்திருக்க வேண்டும், நீண்ட காலப் பிரிவும் இருக்க வேண்டும். கேட்டவுடன் கிடைப்பதில்லை. ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரி சீல் குத்திய "விடுதலைப் பத்திரம்" இன்னும் மோசம். அதை நம்பி மறுமணம் செய்தால் இருதார மணக் குற்றம், ஏழு வருஷம் வரை சிறை. (சில சமூகங்களின் வழக்கப்படியான விவாகரத்தைச் சட்டம் ஏற்கிறது, ஆனால் அந்த வழக்கத்தை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும்.)

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். பரஸ்பர மனுவின் கடைசிப் பக்கங்களில் "ஜீவனாம்சம், நகை, சீர் எதையும் இனிக் கோர மாட்டேன்" என்ற வரி சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். குழந்தையின் பராமரிப்பு குழந்தையின் உரிமை, அதைத் தாய் எழுதிக்கொடுத்து விட்டுவிட முடியாது. "கஸ்டடி கேரண்டி" என்று எந்த வக்கீலும் சொல்ல முடியாது; ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தாயிடம்தான் என்றாலும், முடிவு குழந்தையின் நலனைப் பார்த்துத்தான். "பார்க்க அனுமதி உண்டு" என்ற ஒற்றை வரியோடு ஒப்பந்தம் முடிந்தால் அப்புறம் தினம் தினம் சண்டை. எந்தச் சனிக்கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எங்கே, கோடை விடுமுறையில் எத்தனை நாள், யார் கொண்டுவந்து விடுவது, பாஸ்போர்ட் யாரிடம் என்று ஒவ்வொன்றையும் எழுத வையுங்கள்.

ஜீவனாம்சத் தொகையில் சதவீதம் கேட்பது பார் கவுன்சில் விதிப்படி தடை செய்யப்பட்டது. "மேலே கொடுக்கணும்" என்று லஞ்சத்துக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு; 1987 சட்டத்தின் 12-வது பிரிவு அதைத் தருகிறது, உதவி எண் 15100.

ஏற்கெனவே சிக்கிவிட்டவர்களுக்கு: ஃபீஸ் பாக்கி என்று சொல்லி வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை இல்லை, 2000-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. முதலில் கட்டையும் அசல் ஆவணங்களையும் எழுத்தில் கேளுங்கள், ஸ்பீட் போஸ்டில். வக்காலத்து மாற்றச் சம்மதம் தராவிட்டால் நீதிமன்ற அனுமதியோடு மாற்றலாம். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகாதீர்கள். வக்கீல் சேவை அதில் வராது என்று 2024-ல் தீர்ப்பு வந்துவிட்டது. தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலில், வக்கீல்கள் சட்டம் 35-வது பிரிவின் கீழ் புகார் கொடுங்கள். ஜிபே ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸ்அப் சாட், இ-கோர்ட்ஸ் பக்கத்தின் பிரிண்ட் மூன்றையும் இணையுங்கள். கையில் கொடுத்த தீர்ப்பு நகல் மீது சந்தேகமிருந்தால் காப்பி அப்ளிகேஷன் போட்டு நீதிமன்றத்திலிருந்தே சான்றிட்ட நகல் எடுங்கள். அது போலி என்று தெரிந்தால் போலீஸுக்கும் போகலாம். ஆனால் புகார் முடியட்டும் என்று காத்திருக்காமல், ஜீவனாம்ச மனுவை வேறு வக்கீல் வழியாக இந்த வாரமே தாக்கல் செய்துவிடுங்கள்.