சூப்பர்சார்ஜர் மாட்டிய பழைய கார்: 15,800 டாலர் கொடுத்து நான் ஏமாந்த விவரம்

கலிபோர்னியாவில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடுகிறீர்களா? அதில் முந்தைய உரிமையாளர் வெளியில் வாங்கிப் பொருத்திய சூப்பர்சார்ஜர் (என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்துச் சக்தியைக் கூட்டும் கருவி) இருக்கிறதா? பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் மார்ச்சில் வாங்கிய கார் மே முதல் வாரத்திலிருந்து பட்டறையில் கிடக்கிறது.

வண்டி 2013 மாடல் சுபாரு பிஆர்இசட். சுபாருவும் டொயோட்டாவும் சேர்ந்து உருவாக்கியது. இதன் இரட்டைதான் அமெரிக்காவில் சையான் எஃப்ஆர்-எஸ் என்ற பெயரில் விற்றது. இரு பக்கமும் சிலிண்டர்கள் படுத்திருக்கும் இரண்டு லிட்டர் பாக்ஸர் என்ஜின், 200 குதிரைத்திறன், பின்சக்கரங்களுக்குச் செல்லும் விசை. வளைவுகளில் இதன் நடத்தைக்கு ஈடான கார் அந்த விலையில் கிடைக்காது என்று இன்றும் சொல்வேன். சக்திதான் போதவில்லை என்பார்கள். அதற்காகவே பலர் சூப்பர்சார்ஜர் மாட்டுகிறார்கள்.

விற்றவர் சேக்ரமெண்டோ அருகே வசிக்கும் முப்பது வயதுக்காரர். ஃப்ரீமாண்டிலிருந்து நூறு மைல் ஓட்டிப் போனேன். "தயாரிப்பாளர் கொடுத்த சூப்பர்சார்ஜர் கிட் எப்படியோ அப்படியேதான் இருக்கிறது. ஒரு திருகைக்கூட நான் மாற்றியதில்லை" என்று முன்னதாகவே குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். பானெட்டைத் திறந்ததும் கலிபோர்னியா காற்றுவள வாரியத்தின் ஒப்புதல் எண் பொறித்த வில்லையைக் காட்டினார். இங்கே அந்த எண் இல்லாத சூப்பர்சார்ஜர் புகைச் சோதனையில் தேறாது. இரண்டு மாதங்களுக்கு முன் எடுத்த புகைச் சோதனைச் சான்றிதழும் இருந்தது. அது 90 நாள் செல்லும். அதைக் கொடுப்பது விற்பவரின் பொறுப்பு. எல்லாம் முறையாக இருப்பதாகவே நம்பினேன்.

நான் எதையும் பார்க்காமல் போகவில்லை. உரிமைப் பத்திரம் சுத்தம். விபத்து வரலாறு இல்லை. 2013 கார்களின் வால்வு ஸ்பிரிங்குகளுக்காக 2018இல் வந்த திரும்ப அழைப்பு (குறையுள்ள பாகத்தை நிறுவனமே சரிசெய்து தருவது) வேலை முடிந்துவிட்டதா என்பதையும் வண்டி எண்ணை வைத்துச் சரிபார்த்தேன். ஆனால் இந்தக் காகிதங்களில் எதுவுமே சூப்பர்சார்ஜரைப் பார்ப்பதில்லை. அதன் கதை விற்பவரின் வாயில் மட்டும்தான் இருக்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது என்ஜின் சூடாக இருந்தது. "இப்போதுதான் கழுவிக்கொண்டு வந்தேன்" என்றார். அந்த இடத்திலேயே நான் திரும்பியிருக்க வேண்டும். குளிர்ந்த என்ஜினை முதல் முறை முடுக்கும்போது வரும் தட்டல் ஒலியும் நீலப் புகையும், சூடேறிய பிறகு பாதி மறைந்துவிடும். என் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் சிலிண்டர் அழுத்தம் பார்க்கலாமா என்று கேட்டேன். "பாக்ஸர் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கழற்றுவது அரை நாள் வேலை, அதற்கெல்லாம் நேரமில்லை, மாலையில் இன்னொருவர் வருகிறார்" என்றார். பிளக்குகள் இரு பக்கமும் சட்டத்தை ஒட்டி இடுக்கில் இருப்பது உண்மைதான். அந்த உண்மையை வைத்தே என்னை மடக்கினார்.

சோதனை ஓட்டம் குடியிருப்புத் தெருக்களில் பத்து நிமிடம். நான் ஏமாந்த இடம் இதுதான் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். இந்த வகை சூப்பர்சார்ஜர், என்ஜின் சுழலும் வேகத்தோடு சேர்ந்து அழுத்தத்தை ஏற்றும். நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றில் அது இருப்பதே தெரியாது. ஏழாயிரத்தை நெருங்கும்போதுதான் முழு அழுத்தமும் சிலிண்டருக்குள் போகும். கோளாறு இருப்பதும் அங்கேதான். பள்ளிக்கூடப் பகுதியில் 25 மைல் வேகத்தில் ஓட்டிப் பார்த்தவனுக்கு அது எப்படித் தெரியும்?

அன்றிரவு வீட்டில், காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை இணைத்தேன். காரின் கணினி தன்னைத்தானே பரிசோதித்து முடித்ததாகக் காட்ட வேண்டிய பட்டியலில் பெரும்பாலானவை 'முடியவில்லை' என்றே நின்றன. பேட்டரியைக் கழற்றியிருந்தாலோ பிழைக் குறியீடுகளைச் சமீபத்தில் அழித்திருந்தாலோ அப்படி வரும். விற்றவரிடம் கேட்டேன். பேட்டரி மாற்றியதாகச் சொன்னார். நம்பினேன்.

ஆறு வாரம் கழித்து 680 நெடுஞ்சாலையில் ஏறும் பாதையில் முதல் முறையாக ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தேன். உலோகம் உலோகத்தில் மோதும் ஒலி, பின்னால் நீலப் புகை. ஓரங்கட்டி நிறுத்திவிட்டு இழுவை வண்டியை அழைத்தேன்.

சான் ஹோசேயில் பட்டறை வைத்திருக்கும் வியட்நாமியப் பெரியவர்தான் பிரித்துப் பார்த்தார். மூன்று சிலிண்டர்களில் அழுத்தம் ஏறக்குறைய சமம். நான்காவதில் அதில் பாதிகூட இல்லை. பிஸ்டனில் வளையங்களுக்கு இடைப்பட்ட பகுதி உடைந்திருந்தது. பிறகு அவர் சூப்பர்சார்ஜரின் புல்லியை, அதாவது பெல்ட் ஓடி அதைச் சுழற்றும் சக்கரத்தைக் காட்டினார். மற்ற பாகங்களெல்லாம் மங்கியிருக்க, அது மட்டும் புதிதாக மின்னியது. விட்டத்தை அளந்து கிட்டின் கையேட்டோடு ஒப்பிட்டார். சிறியது. பெல்ட்டும் கையேட்டில் சொன்னதைவிட நீளம் குறைந்தது.

புல்லி சிறிதானால் சூப்பர்சார்ஜர் வேகமாகச் சுற்றும், கூடுதல் காற்றைத் திணிக்கும். அதற்கேற்ப எரிபொருள் அளவையும் பற்றவைக்கும் நேரத்தையும் கணினியில் திருத்த வேண்டும். இவர் திருத்தவில்லை, கணினியில் இருந்தது கிட்டோடு வந்த பழைய அமைப்பு, அதாவது டியூன். இந்த என்ஜினின் அழுத்த விகிதமோ, அதாவது சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பது, 12.5:1. சூப்பர்சார்ஜர் இல்லாமலே உயர்ந்தது. கலிபோர்னியாவின் உயர்தர பெட்ரோல் 91 ஆக்டேன்தான் (முன்கூட்டி வெடிக்காமல் தாங்கும் திறனின் அளவு). அதில் இவ்வளவு காற்றைத் திணித்தால் எரிபொருள் நேரத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்டனை அடிக்கும். பழைய புல்லியோடு புகைச் சோதனையில் தேறிவிட்டு, பிறகு புல்லியை மாற்றியிருக்கிறார் என்பது பெரியவரின் கணிப்பு. ஒப்புதல் எண் கிட்டின் அசல் வடிவத்துக்குத்தான். புல்லி மாறியதும் பானெட்டுக்குள் இருக்கும் அந்த வில்லைக்கு மதிப்பில்லை. எனக்கு வேறெதையும்விட அதிகமாக வலிப்பது, அதே வில்லையை விரலால் தொட்டுக் காட்டி அவர் என்னிடம் விற்றார் என்பது.

ஆகவே இப்படியொரு காரைப் பார்க்கப் போனால் கிட்டின் கையேட்டை முன்பே இறக்கிக்கொண்டு, புல்லி விட்டத்தையும் பெல்ட் எண்ணையும் கையோடு கொண்டுபோங்கள். டியூன் செய்தது யார், எந்தத் தேதியில், எந்தப் பெட்ரோலுக்கு என்று எழுத்தில் கேளுங்கள். என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஸ்கேனர் இருபத்தைந்து டாலர்தான், பணம் கொடுக்கும் முன் இணையுங்கள். அரை நாள் கூலி கொடுத்தாவது அழுத்தச் சோதனை செய்யுங்கள். அதற்கு ஒப்பாதவரிடம் வாங்காதீர்கள்.

வேறொரு பழைய என்ஜின் வாங்கி மாற்ற 8,200 டாலர் ஆகும் என்று கணக்குக் கொடுத்திருக்கிறார் பெரியவர். விற்றவர் "உள்ளது உள்ளபடி விற்றேன்" என்ற ஒரே வரியில் பதிலளித்துவிட்டு என் எண்ணைத் தடுத்துவிட்டார். தனியார் விற்பனையில் அந்த வரிக்கு வலு உண்டு. ஆனால் பொய் சொல்லி விற்பதற்கு அது காப்பாகாது. சிறு வழக்கு நீதிமன்றத்தில் 12,500 டாலர் வரை வழக்கறிஞர் இல்லாமலே கேட்கலாம் என்பதால் மனு போட்டிருக்கிறேன். "ஒரு திருகைக்கூட மாற்றியதில்லை" என்ற குறுஞ்செய்தி அச்சிட்டுத் தயாராக இருக்கிறது. புல்லியைப் பெரியவர் கழற்றி, அளவைக் குறித்து, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். விசாரணை அடுத்த மாதம். தீர்ப்பு எப்படி வந்தாலும் எழுதுகிறேன்.